பின்ன வாக்கியக் கணக்கு: "எதில்?" என்று கேட்டுச் சொல்லித்தரும் முறை

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் 2/3 × 3/4 என்று எழுதிக் கொடுத்தால் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் பெருக்கி, சுருக்கி, 1/2 என்று போட்டுவிடும். அதையே "சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குப் போனது, மீதியில் கால் பங்கு பிள்ளைகள் படிப்புக்குப் போனது" என்று வாக்கியமாகக் கொடுத்துப் பாருங்கள். பேனாவைக் கடித்துக்கொண்டு, "கூட்டணுமா மிஸ், பெருக்கணுமா?" என்று கேட்கும். நாம் "பெருக்கு" என்று சொன்னால் அடுத்த நிமிடமே விடை வந்துவிடும். ஆனால் கணக்கைப் போட்டது பிள்ளையா நாமா என்பது வேறு விஷயம்.

முதல்முறையாக 6, 7ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போகிறவர்கள், மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள், வீட்டில் சொல்லித்தரும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பின்னங்களைக் கூட்ட, கழிக்க, பெருக்க, வகுக்கப் பிள்ளைக்கு ஓரளவு வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அதுவே வரவில்லை என்றால் வாக்கியக் கணக்கைச் சில நாட்கள் தள்ளிப்போடுவதில் தப்பில்லை.

குழப்பத்துக்கு நூறு காரணம் சொல்லலாம். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கால் என்றால் எதில் கால், அரை என்றால் எதில் அரை என்பதைப் பிள்ளை கேட்பதே இல்லை. 1/4 என்பது அதன் கண்ணுக்கு 5, 12 மாதிரி தனியாக நிற்கும் ஓர் எண். ஆகவே கீழே வரும் எல்லாப் படிகளிலும் "எதில்?" என்ற ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். அலுக்கும் அளவுக்குக் கேளுங்கள்.

முதலில், எங்கே தடுக்கிறது என்று பாருங்கள்

தப்பான விடையைப் பார்த்ததும் கணக்கை முதலிலிருந்து விளக்க ஆரம்பிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதற்கு முன் ஐந்து கேள்வி கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் 1970களில் உருவாக்கிய முறை இது. வாக்கியக் கணக்கில் எந்தப் படியில் பிள்ளை விழுகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. நம் வகுப்புக்கு ஏற்ற மாதிரி சொன்னால் இப்படி இருக்கும்: கணக்கைச் சத்தமாகப் படி. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உன் வார்த்தையில் சொல். எப்படிப் போடப் போகிறாய்? போட்டுக்கொண்டே என்ன செய்கிறாய் என்று சொல். கடைசியாக, கேட்ட கேள்விக்கு விடையை எழுது.

முதல் கேள்வியிலேயே தடுக்கினால் அது வாசிப்புப் பிரச்சினை, கணக்கை விளக்கிப் பயனில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் இது நிறைய உண்டு. அவர்களுக்குக் கணக்கைத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கில வரியைக் காட்டுங்கள். பாதிப் பேருக்கு அதற்கு மேல் உதவியே தேவைப்படாது. நாலாவது கேள்வியில்தான் தடுக்கிறது என்றால் வகுத்தல் விதியோ மீ.சி.ம.வோ (மீச்சிறு பொது மடங்கு) மறந்திருக்கும், அதை மட்டும் சரிசெய்தால் போதும். பெரும்பாலான பிள்ளைகள் விழுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். மீதிக் கட்டுரை அவர்களுக்கானது.

பங்கு வேறு, அளவு வேறு

கரும்பலகையில் இந்த இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

2 லிட்டர் பாலில் கால் லிட்டரைத் தயிருக்கு ஊற்றினார்கள். மீதி எவ்வளவு?
2 லிட்டர் பாலில் கால் பங்கைத் தயிருக்கு ஊற்றினார்கள். மீதி எவ்வளவு?

ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதற்கு விடை ஒன்றேமுக்கால் லிட்டர், இரண்டாவதற்கு ஒன்றரை லிட்டர். வகுப்பில் பாதிப் பேர் இரண்டுக்கும் ஒரே விடை எழுதுவார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு, "முதல் வரியில் கால்... எதில்?" என்று கேளுங்கள். ஒரு லிட்டரில் கால், அதாவது 250 மி.லி. "இரண்டாவது வரியில்?" இருக்கிற பாலில் கால். இருக்கிற பாலோ 2 லிட்டர், அதில் கால் என்றால் 500 மி.லி.

இந்த ஜோடியை ஒரு நாளில் முடித்துவிடாதீர்கள். துணி, நிலம், நகை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். 4 மீட்டர் துணியில் அரை மீட்டர், 4 மீட்டர் துணியில் அரைப் பங்கு. 3 ஏக்கரில் கால் ஏக்கர், 3 ஏக்கரில் கால் பங்கு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஏக்கர் 100 சென்ட் என்பது தெரிந்திருக்கும், கால் ஏக்கர் 25 சென்ட் என்று யோசிக்காமல் சொல்வார்கள். நகைக்கடைக்கு அம்மாவோடு போய்வந்த பிள்ளைக்கு ஒரு பவுன் 8 கிராம் என்பது தெரியும், முக்கால் பவுன் 6 கிராம் என்பதும் வரும். முக்கால் மணி நேரம் 45 நிமிடம் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிப் பிள்ளை ஏற்கெனவே வாயால் போடும் கணக்குகளைத் தேடிப் பிடித்து, அதைத்தான் நோட்டிலும் எழுதுகிறோம் என்று காட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இன்னொரு சின்ன விஷயம். தமிழில் நாம் "ஐந்தில் இரண்டு" என்று சொல்லும்போது பகுதி (கீழே எழுதும் எண்) முதலில் வருகிறது, தொகுதி (மேலே எழுதும் எண்) பிறகு வருகிறது. காதில் விழுந்த வரிசையில் எழுதும் பிள்ளை 5/2 என்று எழுதிவிடும். வாரத்தில் ஒருநாள் ஐந்து நிமிடம் சொல்வதெழுதுதல் வையுங்கள்: ஏழில் மூன்று, எட்டில் ஐந்து, பத்தில் ஒன்பது. அது போதும், பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

எண்ணை மறைத்துவிட்டுக் கதையைச் சொல்லுங்கள்

வாக்கியக் கணக்கைக் கொடுத்ததும் பிள்ளையின் கண் எண்களை மட்டும் பொறுக்கும். பொறுக்கிய எண்களுக்கு நடுவில் எந்தக் குறியைப் போடுவது என்பதுதான் அதற்குக் கணக்கே. இதை முறிக்க, முதல் சில நாட்கள் எண்ணே இல்லாமல் கதையை மட்டும் கொடுங்கள்.

"ஒருவர் சம்பளம் வாங்கினார். அதில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுத்தார். மீதியில் ஒரு பங்கைப் பிள்ளைகள் படிப்புக்கு எடுத்துவைத்தார். கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியது."

இப்போது கேளுங்கள். இதில் எது பெரிய தொகை? வாடகை எதிலிருந்து போனது? படிப்புச் செலவு எதிலிருந்து போனது? மிஞ்சிய பணம் சம்பளத்தை விட அதிகமாக இருக்க முடியுமா? எண் இல்லாததால் கூட்டவும் முடியாது, பெருக்கவும் முடியாது, கதையை யோசிப்பதைத் தவிரப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. கணக்கில் மந்தம் என்று ஓரத்தில் உட்காரும் பிள்ளைகள் இந்த நேரத்தில் முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்க்கலாம். வீட்டுக் கணக்கை அம்மாவோடு சேர்ந்து போடும் பிள்ளைகள் அவர்கள்தான்.

பட்டை வரைவது

அடுத்தது படம். பாடப்புத்தகங்களில் பின்னம் என்றாலே வட்டம் வரும். பின்னத்தை அறிமுகப்படுத்த வட்டம் நல்லதுதான், ஆனால் வாக்கியக் கணக்குக்கு ஒத்துவராது. கையால் ஒரு வட்டத்தை ஐந்து சம பாகமாகப் பிரித்துப் பாருங்கள், பெரியவர்களுக்கே கோணும். மீதியை மறுபடி பிரிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் படம் குழம்பிவிடும். நீளமான செவ்வகப் பட்டை போதும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து தொடக்க வகுப்பு வாக்கியக் கணக்குகளுக்கு இந்தப் பட்டைப் படத்தைத்தான் முக்கியக் கருவியாக வைத்திருக்கிறார்கள்.

முதல் வாரம் காகிதத்தில் செய்யுங்கள். ஏ4 தாளை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டினால் ஒரு தாளில் ஏழெட்டுப் பட்டை கிடைக்கும். பாதி, கால், அரைக்கால் எல்லாம் மடித்தாலே வந்துவிடும். மூன்றாக மடிப்பது கொஞ்சம் கஷ்டம், ஐந்தாக மடிப்பது ரொம்பவே கஷ்டம். அதற்குக் கட்டம் போட்ட நோட்டு கைகொடுக்கும். கணக்கில் மூன்றும் நான்கும் வந்தால் 12 கட்ட நீளம், இரண்டும் ஐந்தும் வந்தால் 10 கட்ட நீளம் என்று பட்டையை வரையச் சொல்லுங்கள். "எத்தனை கட்டம் எடுத்தால் ரெண்டு வகையாவும் சமமா வெட்டலாம்?" என்று நாலைந்து தடவை கேட்ட பிறகு, அதற்குப் பெயர்தான் மீ.சி.ம. என்று சொல்லுங்கள். மீ.சி.ம. எதற்கு என்று தெரியாமலே அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது ஒரு நல்ல கணமாக இருக்கும்.

பட்டை வரையும்போது ஒரே ஒரு கண்டிப்பு வையுங்கள். பட்டைக்கு மேலே, அந்த முழுப் பட்டை எதைக் குறிக்கிறது என்று எழுதாமல் உள்ளே கோடு போடக் கூடாது. "முழுச் சம்பளம்", "தொட்டியின் முழுக் கொள்ளளவு", "வாங்கிய பூ மொத்தம்". அந்த ஒரு வரிதான் "எதில்?" என்பதற்குப் பதில்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்

சம்பளக் கதைக்கு இப்போது எண் போடலாம். "ஒருவர் தன் மாதச் சம்பளத்தில் 1/3 பங்கை வாடகைக்குக் கொடுத்தார். மீதியில் 1/4 பங்கைப் பிள்ளைகள் படிப்புக்கு எடுத்துவைத்தார். அவரிடம் 9,000 ரூபாய் மிஞ்சியது. சம்பளம் எவ்வளவு?"

ஏழாம் வகுப்பு மாணவியோடு உட்கார்ந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"மூணுல ஒரு பங்கு வாடகை. எதுல?"

"சம்பளத்துல, மிஸ்."

"அப்போ பட்டைக்கு மேல என்ன எழுதுவ?"

"முழுச் சம்பளம்." வரைந்து, மூன்றாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் 'வாடகை' என்று எழுதுகிறாள்.

"சரி, அடுத்த வரி. கால் பங்கு படிப்புக்கு. எதுல?"

"சம்பளத்துல..."

"வரிய மறுபடி படிம்மா."

"மீதியில. ஓ... அப்ப இந்த ரெண்டு கட்டத்துலயா மிஸ்?"

"ஆமா. ரெண்டு கட்டத்த நாலு சமமாப் பிரிக்கணும்னா?"

"ஒவ்வொண்ணையும் ரெண்டா வெட்டணும்."

இங்கே ஒரு குழி இருக்கிறது. மீதி இரண்டு கட்டத்தையும் இரண்டிரண்டாக வெட்டிவிட்டு, வாடகைக் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பட்டையில் ஒரு பெரிய கட்டமும் நாலு சின்னக் கட்டமும் இருக்கும். எண்ணிப் பார்த்து "ஐந்து" என்பார்கள். வாடகைக் கட்டத்தையும் இரண்டாக வெட்டவைத்து, எல்லாம் ஒரே அளவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது மொத்தம் 6 கட்டம். வாடகைக்கு 2, படிப்புக்கு 1, மிஞ்சியது 3. அந்த 3 கட்டம் 9,000 என்றால் ஒரு கட்டம் 3,000. ஆறு கட்டம் 18,000 ரூபாய்.

படத்திலிருந்து விடை வந்த பிறகு பலரும் அடுத்த கணக்குக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். "வாடகை போனா மூணுல எத்தனை மிச்சம்? அந்த 2/3-இல் எத்தனை பங்கு கையில் நின்னுச்சு?" என்று கேட்டு 2/3 × 3/4 = 1/2 என்று பக்கத்தில் எழுதவையுங்கள். சம்பளத்தில் பாதி 9,000, ஆகவே சம்பளம் 18,000. தொடக்கத்தில் சொன்ன அதே பெருக்கல்தான். படத்தில் பார்த்ததும் குறியில் எழுதியதும் ஒன்று என்பது இந்த இடத்தில் பதியாவிட்டால், பிள்ளை படத்தை ஒரு தனி வித்தையாகவும் விதியை இன்னொரு வித்தையாகவும் வைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கில் தப்புச் செய்பவர்கள் செய்யும் தப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 7/12 என்பார்கள். மிச்சம் 5/12, அதுதான் 9,000, ஆகவே சம்பளம் 21,600. முழு எண்ணாக, அழகாக வருவதால் சந்தேகமே வராது. "தப்பு" என்று சிவப்பு மையில் சுழிப்பதற்குப் பதிலாக, விடையைக் கதைக்குள் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 21,600-இல் மூன்றில் ஒரு பங்கு 7,200. மீதி 14,400. அதில் கால் பங்கு 3,600. மிஞ்சுவது 10,800. கணக்கில் சொன்னதோ 9,000. பிள்ளையே "எங்கியோ இடிக்குது" என்று சொல்லும். இந்தத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் தேர்வறையில் நாம் பக்கத்தில் இல்லாத குறையை அது தீர்க்கும். எனக்கு விடையை விட இது முக்கியம். மதிப்பெண் போடும்போதும் சரிபார்த்ததற்குத் தனியாக ஒரு மதிப்பெண் தருவேன்.

சுவரில் தொங்கும் சொல் பட்டியல்

"மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, பங்கு என்றால் பெருக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய அட்டையைப் பல வகுப்பறைகளில் பார்க்கலாம். சின்ன வகுப்பில் அது ஓரளவு ஓடும். பின்னத்துக்கு வந்ததும் காலை வாரிவிடும்.

"பூக்காரம்மா தான் கொண்டுவந்த மல்லிகையில் 3/5 பங்கை விற்றுவிட்டார். மீதி 24 முழம் இருக்கிறது. மொத்தம் எத்தனை முழம் கொண்டுவந்தார்?"

மீதியும் இருக்கிறது, மொத்தமும் இருக்கிறது, பங்கும் இருக்கிறது. அட்டையை நம்பும் பிள்ளை எதைச் செய்யும்? 24-ஐ 3/5-ஆல் பெருக்கி 14 2/5 முழம் என்று எழுதும். மீதியே 24 இருக்க, மொத்தம் எப்படிப் பதினாலு ஆகும் என்று கேட்டால் விழிக்கும். பட்டை வரைந்தால் பிரச்சினையே இல்லை. முழுப் பட்டை, கொண்டுவந்த பூ. ஐந்து கட்டம். மூன்று போயிற்று. மீதி இரண்டு கட்டம் 24 முழம், ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60 முழம். அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

போடுவதற்கு முன் உத்தேசமாகச் சொல்லட்டும்

அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமுமே ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே விடை 2-க்குப் பக்கத்தில் இருக்கும். அதைச் சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21, அவ்வளவுதான் அவர்கள் செய்தது. நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு வாக்கியக் கணக்குக்கும் முன்னால், "விடை இதைவிடப் பெரிசா வருமா, சின்னதா வருமா? பாதிக்கு மேலயா, கீழயா?" என்று வாயால் சொல்லவையுங்கள். எழுத வேண்டாம். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொன்னதற்கும் வந்த விடைக்கும் எட்டாத தூரம் இருந்தால் பிள்ளைக்கே உறுத்த வேண்டும்.

வகுத்தல் கணக்குகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்

பின்ன வகுத்தலில் "தலைகீழாக்கிப் பெருக்கு" என்பதை எல்லாப் பிள்ளையும் செய்யும். எந்தக் கதைக்கு வகுக்க வேண்டும் என்பது ஆசிரியர்களுக்கே தடுமாற்றம். லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 1 3/4 ÷ 1/2 என்ற கணக்குக்குப் பொருத்தமான ஒரு கதை சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டிருந்தார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் ஒரே ஒருவர்தான் சரியான கதை சொன்னார். சீன ஆசிரியர்களில் 90 சதவீதம் பேர் சொன்னார்கள். நீங்களும் மேலே படிப்பதற்கு முன் ஒரு கதை யோசித்துப் பாருங்கள். "ஒன்றேமுக்கால் கிலோ லட்டை இரண்டு பேருக்குப் பங்கிட்டார்கள்" என்று வந்தால் அது ÷ 2, நமக்கு வேண்டியது ÷ 1/2. "ஒன்றேமுக்கால் கிலோ லட்டை அரைக் கிலோ டப்பாக்களில் போட்டால் எத்தனை டப்பா நிறையும்?" என்பதுதான் சரி.

இந்த "எத்தனை தடவை போகும்?" வகைதான் பிள்ளைகளுக்கு எளிது. அதிலும் மீதி வரும் கணக்கு ஒன்றை நிதானமாகச் செய்யுங்கள்.

"5 மீட்டர் துணி இருக்கிறது. ஒரு தலையணை உறைக்கு முக்கால் மீட்டர் வேண்டும். எத்தனை உறை தைக்கலாம்? மீதித் துணி எவ்வளவு?"

5 ÷ 3/4 = 20/3 = 6 2/3. ஆறு உறை தைக்கலாம். மீதி? வகுப்பே சேர்ந்து "மூணுல ரெண்டு மீட்டர்!" என்று சொல்லும். ஒரு முறை கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு உறைக்கு நாலரை மீட்டர் போய்விட்டது. ஐந்தில் நாலரை போனால் அரை மீட்டர்தான் மிச்சம். அப்படியானால் அந்த 2/3 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நிமிடம் அமைதியாக இருந்தாலும் பரவாயில்லை. யாராவது ஒரு பிள்ளை, "எதுல மூணுல ரெண்டு?" என்று நம் கேள்வியை நம்மிடமே திருப்பிப் போடும். மிஞ்சிய துணி ஓர் உறைக்கு வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு. முக்கால் மீட்டரில் மூன்றில் இரண்டு, அதாவது அரை மீட்டர். இரண்டும் ஒரே துணிதான்.

கையில் ஐந்து மீட்டர் ரிப்பனோ சணல் கயிறோ இருந்தால் தரையில் நீட்டி, முக்கால் மீட்டராக அளந்து மடித்துக் காட்டிவிடலாம். விளக்கத்தை விட வேகமாகப் புரியும்.

எந்த வரிசையில் கொடுப்பது

முழுமை தெரிந்து பங்கைக் கேட்கும் கணக்குகளில் தொடங்குங்கள். 36 பேரில் நான்கில் மூன்று பேர் சுற்றுலாவுக்கு வந்தார்கள் என்பது போன்றவை. எண்கள் 24, 36, 60 என்று எல்லாவற்றாலும் வகுபடும்படி இருக்கட்டும். அப்புறம் பங்கு தெரிந்து முழுமையைக் கேட்பவை. பிறகு மீதியில் பங்கு. வகுத்தல் கடைசியில். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை நாள் என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது, ஆனால் இரண்டாவதில் அவசரப்படாதீர்கள். அது தளர்வாக இருந்தால் மீதியில் பங்கு நிற்காது.

புது வகை வந்ததும் பழையதை விட்டுவிடக் கூடாது. தலைப்பைப் பார்த்தே எந்தச் செயல் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் பயிற்சியில் உள்ள பத்துக் கணக்கும் பெருக்கலாகத்தான் இருக்கும். நாலு வகையையும் கலந்து தாள் தயார் செய்யுங்கள். பல நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தால் கதையை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றுங்கள்: ஒருவருக்குப் பாதியும் காலும், அடுத்தவருக்கு மூன்றில் ஒன்றும் காலும், வேகமாகப் போகிறவருக்கு ஐந்தில் இரண்டும் ஏழில் மூன்றும். எல்லோரும் ஒரே சம்பளக் கதையைப் பற்றிப் பேசலாம், யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள்.

பட்டையை எப்போது நிறுத்துவது என்று கேட்பார்கள். நாம் நிறுத்த வேண்டியதில்லை. கதையைப் படித்ததும் மனதில் ஓடிவிட்டால் பிள்ளையே வரைவதை விட்டுவிடும். தேர்வில் வரைந்தாலும் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

உடனே கொடுத்துப் பார்க்கச் சில கணக்குகள்

அ) 2 லிட்டர் பாலில் 3/8 பங்கு தயிருக்குப் போனது. மீதி எத்தனை மி.லி.?

ஆ) 2 லிட்டர் பாலில் 3/8 லிட்டர் தயிருக்குப் போனது. மீதி எத்தனை மி.லி.?

இ) ஒன்றரை ஏக்கர் நிலத்தில் 2/3 பங்கில் நெல்லும் மீதியில் உளுந்தும் போட்டார்கள். உளுந்து எத்தனை சென்ட்?

ஈ) பேருந்தில் 48 பேர் இருந்தார்கள். முதல் நிறுத்தத்தில் 1/4 பங்கு பேர் இறங்கினார்கள், யாரும் ஏறவில்லை. அடுத்த நிறுத்தத்தில், இருந்தவர்களில் 1/3 பங்கு பேர் இறங்கினார்கள். இப்போது எத்தனை பேர்?

உ) மாடித் தொட்டியில் 2/5 பங்கு தண்ணீர் இருந்தது. மேலும் 150 லிட்டர் ஏற்றியதும் 7/10 பங்கு ஆனது. தொட்டி முழுதாக எத்தனை லிட்டர் கொள்ளும்?

ஊ) மூன்றரை லிட்டர் நல்லெண்ணெயை முக்கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் நிறையும்? எண்ணெய் முழுவதையும் ஊற்றிவைக்க எத்தனை பாட்டில் வேண்டும்?

விடைகள்: அ) 1,250 மி.லி. ஆ) 1,625 மி.லி. இவ்விரண்டையும் அடுத்தடுத்தே கொடுங்கள். இ) 50 சென்ட். ஈ) 24 பேர், 20 என்று எழுதியவர் இரண்டு பின்னத்தையும் 48-இலேயே எடுத்திருக்கிறார். உ) 500 லிட்டர்; ஏற்றிய தண்ணீர் 3/10 பங்கு என்று கண்டுபிடித்தவுடன் முடிந்துவிடும், பட்டையை 10 கட்டமாக வரையச் சொல்லுங்கள். ஊ) நிறைவது 4 பாட்டில், வேண்டியது 5. ஐந்தாவதில் அரை லிட்டர் இருக்கும். 4 2/3 பாட்டில் என்று எழுதிய பிள்ளையின் வகுத்தல் சரி, கேள்வியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.